காரணம் எழுத இடமில்லாத கோப்பு

பலவேசம் செத்த அன்று தெருவில் தண்ணீர் வரவில்லை.

ஏப்ரல் மாதம், புதன்கிழமை. கீழத்தெருவின் முறை வியாழன். முறைக்கு முந்தின நாள் எந்த வீட்டிலும் குடத்தின் அடியில்தான் தண்ணீர் கிடக்கும். சித்தாற்றில் அந்த மாதம் வெறும் மணல். பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் குடத்தோடு போன நான்கு பேரும் தெருக்குழாயடியில், வெயிலில், முக்கால் மணி நேரம் நின்றார்கள். குழாய் ஒரு தரம் சீறியது. பிறகு அந்தச் சத்தமும் இல்லை. கடைசியில் யாரோ பைக்கில் போய் மெயின்ரோட்டுக் கடையிலிருந்து மூன்று கேன் வாங்கி வந்தார்கள். மூடியின் பிளாஸ்டிக்கைக் கிழித்துக் குடங்களில் ஊற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

முப்பத்தோரு வருஷம் அந்த ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்ட மனிதரைக் கேன் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள்.

ஒரே மகள் சுஜிதா திருவனந்தபுரத்திலிருந்து வந்து சேர்ந்தபோது கேன்கள் வாசலோரம் காலியாகக் கிடந்தன. அவள் அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவிலேயே அந்தக் கேன்களை எண்ணிவிட்டாள். அந்த ஊரில் துட்டி வீட்டுக்கு, சாவு விழுந்த வீட்டுக்கு, முறை பார்க்கிற வழக்கம் கிடையாது. எந்தத் தெருவானாலும், எந்த நாளானாலும், செய்தி காதில் விழுந்த கால் மணிக்குள் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் போய்விடும். போகச் செய்தவர் அவளுடைய அப்பா. அவர் வீட்டுக்கு மட்டும் போகவில்லை என்றால் யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் அகப்பட்டவர் இசக்கிமணி. நாற்பத்தைந்து வயது. பலவேசத்துக்குக் கீழே இரண்டு வருஷம் வால்வு பார்த்தவர். பதினாறு முடிந்த மறுநாள் அவரே வந்து முற்றத்தில் நின்றார்.

"தங்கச்சி, நான் தொறக்காம இருந்தேன்னு நெனச்சிராத. தொறந்தேன். மூணாம் வால்வத் தொறந்ததும் மோட்டார் நின்னு போச்சு. புது மெஷின் ஒரு மணி நேரம் பூட்டிக்கிடுது. கம்பெனிக்குப் போன் போட்டேன். ஆப்ல புகார் டிக்கெட் போடுங்கான்."

"அப்பா எப்படித் திறப்பாங்க?"

"அதுதான் தெரியல. கேக்கும்போதெல்லாம், எல்லாம் ஃபைல்ல எழுதியிருக்கு இசக்கி, எழுத்து வாசிக்கத் தெரியும்லா உனக்குன்னு சிரிப்பாரு. இப்ப ஃபைலத் தொறந்தா ஒரு எழுத்து இல்ல. வெறும் நம்பர்."

உள்ளே சுவரோரம் சாய்ந்திருந்த அம்மா ஆவுடைத்தாய் சொன்னாள்: "அவனத் திட்டாதட்டி. அவன்தான் கேனும் வாங்கிட்டு வந்தான்."

சுஜிதாவுக்கு அந்தக் கோப்பைத் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊராட்சி நீரேற்று அறையில் மோட்டார் வால்வுகள் வந்தன. ஒரு பழைய கம்ப்யூட்டரும் வந்தது. எந்த வால்வு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும். ஒரு வரிக்கு ஒரு செய்தி. பெயர், சமக்குறி, மதிப்பு. கோப்பில் இருக்கிறபடி மெஷின் நடக்கும். பலவேசம் எட்டாம் வகுப்பு. அதைப் பொருத்த வந்த மெக்கானிக் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "அரைப்புள்ளி வச்சு அதுக்குப் பின்னால என்ன வேணாலும் எழுதலாம் அண்ணாச்சி. மெஷின் படிக்காது."

மற்றவர்களுக்கு அது காதில் விழுந்து போகிற சங்கதி. பலவேசத்துக்கு அப்படியில்லை. "மெஷினு படிக்காத எடம்னா மனுசனுக்கு உள்ள எடம்" என்று அன்றைக்கே மகளிடம் சொன்னார். அப்போது அவள் கல்லூரியில் மூன்றாம் வருஷம். கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சு போட்டுக் கொடுத்தாள். அவர் ஒற்றை விரலால் தட்டினார். ஒரு வரி மாற்றினால் அதற்குப் பின்னால் ஒரு காரணம். அதற்கு முன்னால் நோட்டில் எழுதியதும் இல்லை, யாருக்கும் வாயால் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. எழுதவேண்டிய இடம் அந்தக் கோப்புதான் என்று முழுதாக நம்பினார்.

மாற்றிய பிறகு கோப்பை மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "குறி எல்லாம் சரியா இருக்கா பாரு." அவள் சமக்குறிகளை மட்டும் பார்ப்பாள். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புவாள்.

இந்த ஜனவரியில் புதுத் திட்டம் என்று ஒரு கம்பெனி வந்தது. வால்வுகளை மொபைலிலேயே திறக்கலாம், மூடலாம். பழைய கோப்பைப் புது வடிவத்துக்கு மாற்றினார்கள். புது வடிவத்தின் பெயர் ஜேசன். அடைப்புக்குறிகளுக்குள் பெயரும் மதிப்பும். மெஷின்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள நல்ல வடிவம். மனிதன் ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதிவைக்க அதில் இடமே கிடையாது. மாற்றிய நிரல் அரைப்புள்ளிக்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட்டது. நாலு வினாடி ஆகியிருக்கும்.

அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

"நான் எழுதினதெல்லாம் எங்க தம்பின்னு அந்த இஞ்சினியர்ட்ட கேட்டேன். அது கமெண்டு அண்ணாச்சி, டேட்டா இல்லங்கான். டேட்டா இல்லையாம்ட்டி."

அவள் அப்போது வேறொரு வேலையில் இருந்தாள். "ஆமாப்பா. ஜேசன்ல அப்படித்தான்" என்றாள்.

"அப்படியா" என்றார் பலவேசம். போனை வைத்துவிட்டார். மூன்று மாதத்தில் மாரடைப்பு. ஐம்பத்தெட்டு வயது.

இசக்கிமணி போன பிறகு சுஜிதா மொபைலை எடுத்துப் பழைய செய்திகளைத் தேடினாள். அறுபத்தொரு பிரதிகள் இருந்தன. கடைசிப் பிரதியைத் திறந்து, முதல் முறையாக, அரைப்புள்ளிக்குப் பின்னால் இருந்ததைப் படித்தாள்.

பள்ளிவாசல் தெரு. நோன்பு மாசம் மட்டும் 3:15. சகர் சாப்பாட்டுக்கு முந்தி வந்திரணும்.

நாலாம் வால்வு. மெதுவா. குழாய் ரொம்பப் பழசு. பட்டுன்னு தொறந்தா ரூபி டீச்சர் வீட்டு முன்னால வெடிக்கும். ரெண்டு தரம் வெடிச்சாச்சு.

சீசன் தொடங்கினா ஆத்துத் தண்ணி கலங்கும். முதல் பத்து நிமிஷம் ஓடையில விடு. அருவியில கூட்டம்னு டிவியில சொன்னா இங்கன கலங்கல்னு அர்த்தம்.

மேலத்தெரு கடைசி வீடு. சொக்கம்மாள் தனியா இருக்கா, வேகமா நடக்க முடியாது. பத்து நிமிஷம் கூட.

கீழத்தெரு. நம்ம தெரு. முறைப்படி மட்டும். கூட விட்டா கேப்பாங்க, கேக்கணும்.

கடைசிக்குப் பக்கத்தில்:

துட்டி. எந்தத் தெரு ஆனாலும், எந்த நாள் ஆனாலும். யாரையும் கேக்க வேண்டாம். முதல்ல 7ஐ மூடு. ரெண்டு நிமிஷம் சும்மா இரு. அப்புறம் அந்தத் தெரு வால்வு. அவசரப்பட்டா மோட்டார் நிக்கும்.

ரெண்டு நிமிஷம் சும்மா இரு. இவ்வளவுதான். இந்த ஒரு வரி இசக்கிமணி கையில் இருந்திருந்தால் போதும்.

அவள் அன்றே ஊராட்சித் தலைவர் ஷமீம் பானுவின் வீட்டுக்குப் போனாள். ஷமீம் பானுவுக்கு ஐம்பது வயது. தலைவராவதற்கு முன்பு தென்காசியில் தையல் கடை வைத்திருந்தவர். முகத்துக்கு நேராகப் பேசுவார். கோப்பை முழுக்க வாசித்தார். பள்ளிவாசல் தெரு வரி வந்ததும் நிறுத்தினார்.

"இந்த வருசம் நோன்புல மூணே காலுக்குத் தண்ணி வரல. புது மெஷின் அவரு வச்ச நேரத்த விட்டுட்டு போலிருக்கு. நான் பலவேசம் அண்ணாச்சியத்தான் ஏசுனேன். நேரா நிக்க வச்சு ஏசுனேன். அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்ல மாட்டாங்க. ஃபைல்ல எழுதிருவாங்க."

"அந்தப் பயல வரச்சொல்லு" என்றார் ஷமீம் பானு.

கம்பெனியின் இஞ்சினியர் பிரின்ஸ் வியாழக்கிழமை வந்தான். முப்பது வயதுக்குள். மடிப்புக் கலையாத சட்டை. மரியாதையான பேச்சு. நீரேற்று அறையில் நான்கு நாற்காலிகள் போட்டு உட்கார்ந்தார்கள். சுஜிதாவும் மென்பொருள் துறை என்று தெரிந்ததும் அவன் முகம் தெளிந்தது.

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும் மேடம். ஜேசன்ல கமெண்ட் போட முடியாது. ஸ்டாண்டர்ட் அப்படி."

"ஜேசன்னா யாரு தம்பி, உங்க சித்தப்பா மவனா?" என்றார் ஷமீம் பானு.

"இல்ல தலைவர் மேடம், அது ஒரு ஃபைல் ஃபார்மட்."

"அவன்கிட்ட எதுக்கு எங்க ஊருத் தண்ணியக் குடுத்த?"

சுஜிதா சிரிக்கவில்லை. "ஸ்டாண்டர்ட் எனக்குத் தெரியும் பிரின்ஸ். இந்த ஊருக்கு அத ஏன் எடுத்தீங்கன்னுதான் கேக்கேன்."

"எங்க எல்லா சைட்டும் அதுதான்."

"அது உங்க வசதி. இங்க கோப்பத் திறந்து பாக்கப்போறது இசக்கி அண்ணன். அவங்க வசதிய யாரு கேட்டா?"

"ஆபரேட்டர் ஃபைலையே பாக்க வேண்டாம் மேடம். ஆப்ல பட்டன் இருக்கு."

"பட்டன் இருந்துச்சு. மோட்டார் நின்னுச்சு. எங்க அப்பாவக் கேன் தண்ணியில குளிப்பாட்டுனாங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

பிரின்ஸ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான், திரும்பச் செருகினான். "சரி மேடம். யாமல் போடுவோம். அதுல கமெண்ட் போடலாம், பாக்கவும் அழகா இருக்கும்."

யாமல் என்பது அடைப்புக்குறி இல்லாத வடிவம். எது எதற்குள் அடங்கும் என்பதை வரியின் முன்னால் விடும் காலி இடத்தை வைத்தே அது முடிவு செய்யும். அவளுக்கு அதன் குணம் தெரியும். வாயால் சொல்லவில்லை. இசக்கிமணியிடம் மொபைலைக் கொடுத்து, மேலத்தெருவின் நேரத்தை ஐந்தரை என்று மாற்றச் சொன்னாள்.

இசக்கிமணி ஊரில் எல்லாரும் எழுதுகிற மாதிரி 5:30 என்று எழுதினார். திரையில் 330 என்று வந்தது. எண்ணோடு எண்ணாக, நடுவில் முக்காற்புள்ளி வைத்து எழுதினால் அறுபதால் பெருக்கிவிடுகிற பழைய பழக்கம் அந்த வடிவத்துக்கு உண்டு. கம்பெனியின் ஆப் அந்த 330ஐ மூன்று முப்பது என்று எடுத்துக்கொண்டது.

"மூணரைக்கு யாருக்குப்பா தண்ணி? கோட்டானுக்கா?" என்றார் இசக்கிமணி.

"இரட்டை மேற்கோள் போட்டு எழுதணும் அண்ணாச்சி. இல்லன்னா முன்னால ஒரு பூஜ்யம்."

மேற்கோள் போடுகிற முயற்சியில் இசக்கிமணியின் கட்டைவிரல் ஒரு காலி இடத்தை அழித்துவிட்டது. கீழே இருந்த பள்ளிவாசல் தெரு, தெருக்களின் பட்டியலிலிருந்து கழன்று எங்கோ போய்விட்டது. திரையில் ஒரு பிழைச் செய்தியும் இல்லை.

"எங்க தெருவக் காணோம்" என்றார் ஷமீம் பானு. "நல்லா அழகாத்தான் இருக்கு தம்பி. தெருதான் இல்ல."

"பழைய வடிவத்துக்கே போவோம்" என்றாள் சுஜிதா. "பேரு, சமக்குறி, மதிப்பு. ஒரு வரி கெட்டா அந்த ஒரு வரிதான் கெடும்."

"அது ரொம்பப் பழசு மேடம். ஹெட் ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். செத்த வீட்டுல நிக்கப்போறது அவங்க இல்லையே."

அவன் போனில் யாரிடமோ வெகுநேரம் பேசினான். எப்படியோ சம்மதம் வாங்கிவிட்டான். சாயங்காலத்துக்குள் பழைய வடிவம் திரும்ப வந்தது. சுஜிதா அப்பாவின் வரிகள் அத்தனையையும் அரைப்புள்ளியோடு அதில் ஏற்றினாள். இசக்கிமணி பக்கத்தில் நின்று வாய்விட்டுப் படித்தார். ஏழாம் வால்வு வரி வந்ததும் இரண்டாம் முறை படித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

மறுநாள் காலை இசக்கிமணி மொபைலில் ஒரு நேரத்தைப் பத்து நிமிஷம் தள்ளி, சேமிக்கும் பொத்தானை அழுத்தினார். சுஜிதா கோப்பைத் திறந்து பார்த்தாள். ஒரு எழுத்து இல்லை. ஆப் கோப்பை வாசிக்கும்போது தனக்கு வேண்டியதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. சேமிக்கும்போது அதை மட்டும் புதிதாக எழுதுகிறது. மனிதன் எழுதிய எல்லாவற்றையும், எந்த வடிவமானாலும், துடைத்துவிடுகிறது. அப்பா இரண்டாம் முறை அழிந்தார்.

அவள் பிரின்ஸைப் போனில் கூப்பிட்டு என்னென்னவோ கேட்டாள். கேட்கத் தகாத சொல் ஒன்றும் வந்தது. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லா ஆப்பும் இப்படித்தானே மேடம் செய்யுது" என்றான்.

போன வருஷம் அவளே ஒரு செட்டிங்ஸ் திரை எழுதினாள். அதுவும் இப்படித்தான் செய்கிறது. யார் என்ன எழுதியிருந்தார்கள் என்று அவளும் பார்த்ததில்லை. எந்த ஊரில் யாருடைய வீட்டில் கேன் வாங்கினார்களோ.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ஆவுடைத்தாய் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னும் எதுக்கு அதக் கட்டிட்டு அழுதட்டி? அவரு எழுத்துத்தான் உன்கிட்ட இருக்குல்லா. பிரிண்ட் எடுத்துச் செவுத்துல ஒட்டு."

"செவுத்துல ஒட்டுனது மறுவருசம் பொய்யாயிரும்மா. நேரம் மாறும், காகிதம் மாறாது. காரணம் அந்த வரிகூடவே இருக்கணும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே உறைத்தது. ஓரத்தில் எழுதியதால்தான் அழிகிறது. மெஷின் படிக்காத இடத்தில் இருக்கிற வரைக்கும் அழியத்தான் செய்யும். மனிதனுக்கு உள்ள இடம் என்று அப்பா நினைத்தது, அந்தக் கம்பெனிக்குக் குப்பைக்கூடை.

திங்கட்கிழமை மறுபடி நீரேற்று அறை. இந்த முறை அவள் வேண்டுகோள் வைக்கவில்லை.

"ஒவ்வொரு வால்வுக்கும் நேரம், கிழமை மாதிரி காரணம்னு ஒரு மதிப்பு இருக்கணும். அரைப்புள்ளி வேண்டாம். டேட்டாவே அதுதான். மெஷின் அதப் படிக்கணும், திரையில காட்டணும், திரும்ப எழுதணும். காரணம் காலியா இருந்தா அந்த வரியச் சேமிக்கக் கூடாது."

"ஆபரேட்டருங்க சும்மா ஒரு புள்ளிய வச்சிட்டுச் சேவ் பண்ணிருவாங்க மேடம்."

"பண்ணட்டும். புள்ளி வச்சது யாருன்னு பேரு பக்கத்துல வரும்லா?" என்றார் ஷமீம் பானு. "வந்தா எனக்குப் போதும். மீதிய நான் பாத்துக்கிடுதேன்."

"இது டெண்டர்ல இல்லாத வேலை, தலைவர் மேடம்."

"டெண்டர்ல தண்ணின்னு போட்டிருக்கா இல்லையா? துட்டி வீட்டுக்குத் தண்ணி குடுக்க முடியாத மெஷினுக்கு நான் வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட மாட்டேன். எந்த ஆபீஸ்ல வேணாலும் போய்ச் சொல்லு."

இரண்டு வாரம் ஆயிற்று. ஜேசனா பழைய வடிவமா என்ற வழக்கு அதற்குள் முக்கியமில்லாமல் போயிருந்தது. ஆனாலும் இசக்கிமணி கண்ணால் பார்த்துத் திருத்த முடிகிற பழைய வடிவத்தையே சுஜிதா விடாமல் பிடித்து வாங்கினாள். லீவை இரண்டு முறை நீட்டினாள். பிரின்ஸ் மடிக்கணினியோடு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். அவள் படிக்கப் படிக்க இசக்கிமணி திரையில் ஏற்றினார். நோன்பு. பழைய குழாய். கலங்கல். சொக்கம்மாள். துட்டி. ஒவ்வொன்றாக ஏறியது. சேமித்து, மூடி, திறந்து பார்த்தார்கள். இருந்தது.

கடைசியில் ஒரு வரி. ஒன்பதாம் வால்வு, செவ்வாய், பதினொன்று இருபது முதல் பதினொன்று முப்பத்தைந்து. பதினைந்து நிமிஷம். அறுபத்தொரு பிரதியிலும் அந்த வரி இருந்தது. ஒன்றிலும் காரணம் இல்லை.

"அது சுடுகாட்டுக்கு அங்கிட்டுப் போற குழாய்" என்றார் இசக்கிமணி. "அங்கன வீடே கிடையாது. வெறும் தோப்பு."

அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். "எனக்கென்னட்டி தெரியும். கேட்டாச் சொல்லுத மனுசனா அவரு" என்றாள் ஆவுடைத்தாய்.

பிரின்ஸ் நாற்காலியில் சாய்ந்தான். அவன் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு பக்கத்தில் இருந்தது. "காரணம் இல்லாம சேவ் ஆகாது மேடம். நீங்க கேட்டதுதான். இத மட்டும் தூக்கிரலாமா?"

இத்தனை நாளில் முதல் முறையாக அவளுக்கு அப்பா மேல் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் எழுதின மனிதர். சொக்கம்மாளின் நடை வரைக்கும் எழுதினவர். இதற்கு ஒரு வார்த்தை எழுதினால் குறைந்தா போயிருக்கும்? யாரிடம் போய்க் கேட்பது இனி? போனில் கேட்டிருக்கலாம். அறுபத்தொரு முறை கேட்டிருக்கலாம். கட்டைவிரலைத்தான் அனுப்பினாள்.

"தூக்கக் கூடாது" என்றாள். மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துத் தட்டினாள்.

காரணம் = தெரியவில்லை. பலவேசம் வைத்தது. தெரிகிறவரை யாரும் நிறுத்தக் கூடாது.

"தெரியலங்கறது ஒரு காரணமா மேடம்?"

"உண்மை அதுதான்."

சேமித்தாள். மெஷின் ஏற்றுக்கொண்டது. பக்கத்தில் அவள் பெயர் வந்து நின்றது.

இசக்கிமணி எட்டி அந்த வரியை ஒரு தரம் வாசித்தார். "நாளைக்குச் செவ்வாய்தான. பதினொன்னு இருபதுக்கு நான் குழாயோட கடைசி வரைக்கும் போய் நிக்கேன். யாரு வாரான்னு பாப்போம்."

"நானும் வாரேன் அண்ணே" என்றாள் சுஜிதா.